கிணத்துக்கட்டிலை இருநூற்றிப் பதினொரு படம்

முதலாவது படம் இல்லை.
அதிலை என்ரை பெருவிரல் விழுந்திட்டுது, அழிச்சுப் போட்டன்.
அதாலை கணக்கு இரண்டிலை தொடங்குது.

விடிய அஞ்சே முக்கால், கோண்டாவில்.
கிணத்துக்கட்டிலை ஈரம் இன்னும் காயேல்லை.
கத்தியின்ரை பின்பக்கத்தாலை சுத்திச் சுத்தி மூண்டு தட்டு,
நாலாவதிலை பிளக்கும்.
தண்ணி டம்ளருக்குள்ளை, அது டிலக்சிக்கு.
இரண்டு பாதியையும் வானம் பார்க்க வைச்சு
நேர மேலை நிண்டு ஒரு படம்.
அதுக்குப் பிறகுதான் திருவலை, புட்டு, பள்ளிக்கூடம்,
எட்டரைக்கு வங்கியிலை என்ரை கூண்டு.

சட்டம் நானே போட்டது:
ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம்.
வடிவாய் வரேல்லை எண்டு
உடைச்ச தேங்காயைத் திருப்பி உடைக்கேலுமே?

போனுக்குப் பின்னாலை மூண்டு கண்.
விழுந்ததிலை இரண்டு குருடு, ஒண்டுதான் பார்க்கும்.
தேங்காய்க்கும் மூண்டு கண்,
ஒண்டுக்குள்ளைதான் ஈர்க்கு இறங்கும்.
இதை நாப்பத்தி மூண்டாம் நாள் கண்டு
தனிய நிண்டு சிரிச்சன்.
"விசரே உமக்கு?" எண்டார் சத்தியரூபன்
பல்லுத் தீட்டின நுரையோடை.

விசராய்த்தான் இருக்கும்.
பதினெட்டு வருசமாய் உடைக்கிறன்,
நல்லதோ அழுகலோ எண்டதுக்கு மேலை
உள்ளை ஒண்டும் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறின்ரை விளிம்பு
புங்குடுதீவு வரைக்கும் போய்த் திரும்பி வாற கரை.
எண்பது அளவுகோல் வைச்சுக் கீறின மாதிரி நேர்.
"நல்ல சகுனம்" எண்டா பக்கத்து வீட்டுப் பவளராணி அக்கா,
அண்டைக்குத்தான் கணக்கு முடிக்கேக்கை
பன்னிரண்டாயிரம் குறைஞ்சு
என்ரை சம்பளத்திலை கட்டினன்.

நூற்றிப் பத்துக்குப் பிறகு படங்கள் இரட்டையாய் வரும்.
திருநெல்வேலிச் சந்தையிலை
ஒரு காய் இருநூற்றி இருபது எண்டவுடனை
ஒருநாள் கண்ணுள்ள பாதி,
மற்றநாள் பிரிட்ஜுக்குள்ளை கிடந்த பாதி.
இரண்டாவதுக்கு ஓரமெல்லாம் லேசாய் மஞ்சள்,
நித்திரை முழிச்சவையின்ரை கண் மாதிரி.
விலையை நான் ஒரு இடத்திலையும் எழுதேல்லை.
படத்தைப் பார்த்தால் தெரியும்.

நூற்றி எழுபத்தாறு,
டிலக்சிக்குப் புலமைப்பரிசில் சோதினை.
உடைச்சால் அழுகல்.
அவர் சப்பாத்தைப் போட்டபடி கத்தினார்:
"படம் எடாதையும்! கொண்டுபோய்ச் சந்தியிலை எறியும்!"
எடுத்தன்.
ஊதா, சாம்பல், நடுவிலை கொஞ்சம் செம்மஞ்சள்,
பண்ணைக் கடலிலை மழைக்கு முதல் பின்னேரம்.
இதைவிட வடிவான படம் என்னட்டை இல்லை.
மறுமொழி இன்னும் வரேல்லை.

நூற்றித் தொண்ணூற்றெட்டு நான் எடுத்ததில்லை.
காய்ச்சலிலை கிடந்தன்.
எழும்பி வந்து போனைப் பார்த்தால்
கோணலாய் உடைஞ்ச இரண்டு துண்டு,
மூலையிலை அவற்றை கால்விரல்,
நகத்திலை கிணத்தடிப் பாசி.
நான் ஒண்டும் கேக்கேல்லை, அவரும் ஒண்டும் சொல்லேல்லை.

போன சனிக்கிழமை எல்லாத்தையும்
கஸ்தூரியார் வீதியிலை கழுவக் குடுத்தன்.
ஸ்டூடியோப் பெடியன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"கோயில் அலுவலோ அன்ரி?"
"இல்லைத் தம்பி, குசினி அலுவல்."
பிறகு எண்ணினான், நான் காசு எண்ணுற மாதிரியே,
எச்சில் தொட்டு.
"இருநூற்றிப் பதினொண்டு எண்டியள், ஒண்டு குறையுது."
"தெரியும்" எண்டன்.

பஸ்ஸிலை மடியிலை வைச்சுக்கொண்டு வரேக்கை யோசிச்சன்.
ஒரு வருசமாய் மரத்திலை தொங்கின இருட்டு,
ஓட்டைகூட இல்லாத அறை,
நாலாவது தட்டிலை
முதன்முதல் வெளிச்சம் உள்ளை போகுது.
நான் தேங்காயைப் படமெடுக்கேல்லைப் போலை.

வீட்டை வந்தால் மேசையிலை
நாளைக்கு உடைக்கிற காய்.
அவர் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டுறார்.
"தண்ணி கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு
எந்தப் பக்கம் வைக்கிறது எண்டு என்னைப் பார்க்கிறார்.