சேவலின் மேல் ஒரு புகார்

எங்கள் பிளாக்குக்குப் பின்னால்
யாரும் வளர்க்காத ஒரு சேவல்.
நாலே முக்காலுக்குக் கூவும்.
பாசிர் ரிஸ்ஸில் பாதி விழித்துக்கொள்ளும்.
பிடித்துப் போகச் சொல்லி
டவுன் கவுன்சிலுக்குப் போன மனுவில்
பதினேழாவது கையெழுத்து என்னுடையது.

கையெழுத்துப் போடுவதில்
நான் தாராளம்.

ஞாயிறு தமிழ் ஆராதனையில்
காணிக்கைப் பை பிடிப்பவன்.
சபை எழும்பினால் எழும்பி
உட்கார்ந்தால் உட்கார்ந்து
இருபத்திரண்டு வருடம்.
என் ஆமென்
பக்கத்து நாற்காலியைத் தாண்டியதில்லை.

அப்பா வைத்த பெயர் இயேசுவடியான்.
துவாஸ் பட்டறையின் பெயரட்டையில்
இடம் போதாதென்று நானே சொல்லி
அடியான் மட்டும்.
யாருக்கு என்று
யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஜெபிக்க
ஒரு வழி வைத்திருந்தேன்:
நெற்றி வலிப்பதுபோல் விரல் வைத்து
இமை தாழ்த்தி
மூன்று விநாடி.
"தலைவலியா?" என்பார் எதிரே திருமதி லிம்.
ஆமாம் என்பேன்.
அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய பனடாலை
விழுங்கியும் இருக்கிறேன்.

புதன்கிழமை
மொனிருலின் இடக்கை
வெட்டும் இயந்திரத்துக்குள் போனது.
இரண்டு விரல்.
தடுப்புத் தகடு கழன்று மூன்று வாரத்துக்கு மேல்.
எனக்குத் தெரியும்;
பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளன் நான்தான்.
ஒருமுறை எழுதிக் கொடுத்தேன்.
பதில் வரவில்லை.
வராததையே பதிலென்று வைத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை
மேலாளர் படிவத்தை நிரப்பியே கொண்டுவந்தார்.
தொழிலாளி தானே தகட்டைக் கழற்றினார்.
கீழே ஒரு கோடு, எனக்காக.
கெட்டவர் இல்லை.
தீபாவளிக்குத் தவறாமல் எனக்கு வாழ்த்து அனுப்புவார்,
நன்றி என்று பதில் போடுவேன்.
"அந்தப் பையனை உனக்குப் பழக்கமா?" என்றார்.
மொனிருல் தன் மகளின் படத்தை
என் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறான்,
பள்ளிக்கூட முதல் நாள், சிவப்பு ரிப்பன்.
"அவ்வளவாக இல்லை" என்றேன்.
நாளைக் காலை கையெழுத்துப் போடு என்றார்.

தூங்கவில்லை.
நாலே முக்கால்.
சன்னலுக்குக் கீழே அது கூவியது.

லிஃப்டில் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
சைக்கிள் நிறுத்தும் கம்பியில்
நனைந்த இறக்கையோடு நின்றது.
பெரிய சேவல்கூட இல்லை.
குளிருக்கு ஒதுங்கி
யாரோ மூட்டிய நெருப்பருகே நின்ற
அந்த மீனவனுக்கும்
இதே குரல்தான் கேட்டிருக்கும்.
அவன் வெளியே போய் அழுதானாம்.
எனக்கு அழுகை வரவில்லை.
வெட்கம் வந்தது,
கொஞ்ச நேரத்தில் பசியும்.
ரொட்டி வாங்கித் தின்றபடியே
முதல் ரயில் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த வரியை அடித்தேன்.
தகடு இருபத்து மூன்று நாளாக இல்லை.
நான் அறிவேன்.
நானும் பொறுப்பு.
கை நடுங்கியதில்
'பொறுப்பு' கொஞ்சம் கோணல்.
கோட்டின் மேல் முழுப் பெயரை எழுதினேன்.
கோட்டைத் தாண்டிப் போயிற்று.

மேலாளர் கத்தவில்லை.
குடும்பம் இருக்கிறதே உனக்கு என்று மட்டும் கேட்டார்.
இருக்கிறது.
வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.
அமைச்சிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள்,
என்னைத் தனியாக இரண்டு மணி நேரம் கேட்டார்கள்.
அடுத்த மாதம் இந்த நாற்காலி
என்னுடையதா, தெரியாது.
மொனிருலின் விரல்கள் திரும்பப் போவதில்லை,
அது தெரியும்.

அன்று மதியம்
மீன் குழம்புக்கு முன்னால்
கை இரண்டையும் மேசை மேல் வைத்து
கண்ணை மூடினேன்.
நீளமாகப் போய்விட்டது,
சோறு ஆறிவிட்டது.
"தலைவலியா?"
"இல்லை. ஜெபம்."
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல,
பக்கத்து மேசை திரும்பியது.
திருமதி லிம் மாத்திரையைப் பைக்குள் போட்டு
மெதுவாக ஜிப்பை இழுத்தார்.
பிறகு கேட்டார்,
"அந்தப் பையனுக்காகவா?"

மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிப்
போன் செய்தேன்.
எடுக்க முடியாதாம்;
வேண்டுமானால் புதிதாக ஒன்று எழுதலாமாம்.
எழுதினேன்.
அது போய்ச் சேருமுன்பே
வலையோடு வந்து
கொண்டுபோய்விட்டார்கள்.

கம்பிக்குக் கீழே
இரண்டு செம்பழுப்பு இறகு.

நாலே முக்காலுக்கு
இப்போது
நானாகவே விழித்துக்கொள்கிறேன்.