கோணல் வெட்டு

நனைமோ துறையில்
பதினொரு மாதம் ஒரு கப்பலைக்
கொல்வதற்காகக் குளிப்பாட்டினோம்.
எண்ணெய்த் தொட்டிகளைக் கந்தலால் துடைத்தோம்,
பிள்ளைக்குக் காது துடைப்பதுபோல.
செப்புக் கம்பி கிலோக் கணக்கில் போனது.
கதவுகளைக் கழற்றி மேல்தளத்தில் அடுக்கியபின்
கப்பல் முழுக்க வாசல்கள்,
சாத்த ஒன்றுமில்லை.

ஆய்வாளர் வந்தார்.
இயந்திர அறையின் அடித்தட்டை
வெள்ளைக் கையுறையால் தடவினார்.
விரல் கறுத்தது.
"மீன் குடிவரப் போகிற வீடு" என்றார்.
மறுபடி கந்தலை எடுத்தோம்.

என் வேலை ஓட்டை போடுவது.
எந்த அறையில் நின்றாலும் வெளிச்சம் தெரியவேண்டும்,
ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வழி. அதுதான் விதி.
சுழியோட வருகிறவர் சேற்றைக் கலக்கிவிட்டு,
முதுகில் காற்றுக் குறைய,
வந்த வழியை மறந்துபோனாலும்
இன்னொன்று இருக்கவேண்டும்.
டெரில் சோக்கட்டியால் கோடு போடுவான்,
நான் தீயால் அதன்மேல் நடப்பேன்.

இந்தக் கரைக்கு நான் வந்த கப்பலில்
ஒரே ஏணி.
அதன் அடியில் எழுபது நாள்.
டெரிலிடம் சொன்னதில்லை.

கோடு இல்லாத இடத்திலும் ஒன்று வெட்டினேன்,
சமையற்கட்டுக்குப் பின்னால்,
நாலு அரிசி மூட்டை கொள்ளும் அறையில்.
கை நடுங்கிக் கோணிவிட்டது.
"இது எதற்கு?" என்றான்.
"மீனுக்கு" என்றேன்.

சனிக்கிழமை மூழ்கடித்தார்கள்.
சீட்டுக் குலுக்கலில் வென்ற பல் வைத்தியர்
பொத்தானை அழுத்தினார்.
படகுகள் எல்லாம் ஊதின.
இரண்டரை நிமிடம்.
ஆறு வருடம் அதில் வெங்காயம் உரித்தவராம் ஒருவர்,
கைதட்டவில்லை,
ஹாட்டாக்கைத் தின்று முடித்தார்.
நான் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கப்பலின் கடைசிக் காற்று
என் ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே வந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது.
மூன்றாம் வருடம் சுழியோடிகள் கடையில் வேலை செய்யும் இங்கிரிட்
கைபேசியை நீட்டினாள்.
"இதை யார் வெட்டினது? தண்ணியடித்துவிட்டா?"

பச்சை இருட்டில் என் கோணல்.
விளிம்பெங்கும் வெள்ளைக் கடற்சாமந்தி.
உள்ளே ஒரு பேய்க்கணவாய்,
ஒற்றைக் கண்ணும்
உறிஞ்சிகள் வரிசைவைத்த ஒரு கையும்.

வாசலில் என்ன குவியல் என்று கேட்டேன்.
கல், நண்டோடு, உடைந்த பீங்கான்,
பகலில் இழுத்துச் சாத்திக்கொள்ளும் என்றாள்.
இரவில் தானே விலக்கிவிட்டு வெளியே போகுமாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கதவு முழுவதையும் நாங்கள் கழற்றிய கப்பலில்
அது தனக்கென்று ஒன்று செய்திருக்கிறது,
உள்ளேயிருந்து மூட.