படகெலும்பு

ஓடுகிற லாரி இல்லை, நின்ற லாரிதான்.
பலகை சறுக்கி, பெல்லாரி மூட்டையோடு,
வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன் என்றார்
வீரணன், கீழமாரட் வீதி லோடுமேன்.
சட்டைக் காலரில் வெங்காயச் சருகு.
பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறை,
ராத்திரி பதினொன்று நாற்பது.

கடிகாரம் இல்லை. கறுப்புக் கயிறு இருந்தது.
"பாண்டி கோயில் கயிறுக்கா, அத்துறாதீங்க."
நூல் படத்தில் விழாது, இருக்கட்டும் என்றேன்.

கட்டைவிரலை விரித்தால்
மணிக்கட்டோரம் ஒரு குழி விழும்.
பொடி போடுகிறவர்கள்
சிட்டிகையை வைத்து உறிஞ்சும் குழி.
அதில் ஒரு விரல் வைத்தேன்,
வைத்தேன், அவ்வளவுதான்.
மனிதர் ஸ்டூலோடு எழுந்துவிட்டார்.

அந்தக் குழிக்கு அடியில் இருக்கிறது படகெலும்பு.
முந்திரிப் பருப்பு அளவு.
வைகையில் ஓடாத படகு
எல்லார் கையிலும் ஒன்று கிடக்கிறது.

நேராக ஒன்று. பக்கவாட்டில் ஒன்று.
சாய்த்து ஒன்று. சுண்டுவிரல் பக்கம் மடக்கி ஒன்று.
"அசையாதீங்க."
ஈயக் கோட்டுக்குள் வியர்த்தபடி
நான்கையும் திரையில் பெரிதாக்கினேன்.
எட்டு எலும்பும்
வரிசை கலையாமல் இருந்தன.

எனக்குச் சொல்ல உரிமை இல்லை,
நான் படம் எடுக்கிறவள்.
டூட்டி டாக்டர் ஜெபசீலன் சொன்னார்:
படத்தில் ஒன்றுமில்லை.
ஆனால் குழி வலிக்கிறது.
மாவுக்கட்டு போடுங்கள்,
பத்து நாள் கழித்து மறுபடி எடுப்போம்.

"ஒண்ணுமில்லங்கிறீங்க, கட்டும் போடுங்கிறீங்க.
மேஸ்திரிகிட்ட எதைக் காட்டுவேன்?"

காட்டினார், செல்போனில் பிடித்துப் போன அதே படத்தை.
நல்ல கை என்று மேஸ்திரிக்கும் படித்துவிட்டது.

பத்தாம் நாள் வெயிலுகந்தம்மாள் என்றொரு கிழட்டு இடுப்பு,
பைக்கிலிருந்து விழுந்த இரண்டு காறையெலும்பு,
கதவில் நசுங்கிய குழந்தை விரல்.
படகெலும்பு வரவில்லை.
பதினோராம் நாளும் வரிசையைப் பார்த்தேன்.
பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்,
ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர்.

மூன்றாம் மாதம் வந்தார்.
கட்டை ஆறாம் நாளே
வெங்காயக் கத்தியால் அறுத்தாராம்.
இடது தோளில் சுமந்தாராம், பாதிக் கூலி.
"இப்ப டீ கிளாஸ் நிக்க மாட்டேங்குதுக்கா."
கயிறு நிறம் வெளுத்திருந்தது.

அதே நான்கு கோணம்.
திரை விழித்ததும் பார்த்தேன்:
படகின் இடுப்பில் ஒரு கோடு.
அன்றும் இருந்திருக்கும், மயிரிழையாக.
உடைந்த விளிம்பை எலும்பு தானே தின்ற பிறகுதான்
படத்துக்குக் கண் தெரிகிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல் வெள்ளை.
அந்தப் பக்கம் சின்னத் துண்டு
சுண்ணாம்பு வெள்ளை.
வெள்ளையாகத் தெரிந்தால் உறுதி என்று
வெளியே நிற்கிறவர்கள் நினைப்பார்கள்.
ரத்தம் போகாத எலும்புதான்
இப்படி வெளுத்துக் கிடக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரே எட்டிப் பார்த்து
கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தெரியுதுல்ல! இப்பத் தெரியுதுல்லக்கா!"

பரீட்சை முடிவு பார்த்த பையன் மாதிரி.
மூன்று மாதமாக அந்தத் தெருவே
அவரைப் பொய்க்காரர் என்றிருக்கிறது.
சாட்சி இதோ, கறுப்பும் வெளுப்புமாக.
வெளுப்பு என்னவென்று டாக்டர் சொல்வார்:
ஸ்கேன், இடுப்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு, திருகாணி,
மூட்டை இனி இல்லை என்பது.
அதற்கு இன்னும் இருபது நிமிஷம்,
ஒரு வராந்தா, ஒரு வரிசை இருக்கிறது.

இடது கையால் போனை எடுத்தார்.
திரையைப் பிடிக்கப் பார்த்தார், கலங்கியது.
மறுபடி. மறுபடியும் கலங்கியது.
வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

நான் அவர் முழங்கைக்கு அடியில்
என் கையைக் கொடுத்தேன்.
"அசையாமப் பிடிங்கண்ணே.
இன்னொண்ணு எடுத்துக்கங்க."