ஒரு சாண்

எனக்கும் எமரென்சிக்கும் நடுவில்
ஓலைத்தட்டி ஒன்றுதான்.
அவள் இருமினால் என் கைக்குழந்தை விழிக்கும்.
என் குழம்பு கொதித்தால்
உப்புக் குறைவென்று அவளுக்குத் தெரியும்.

பாம்பனில் கடல் இரண்டு.
கச்சான் அடித்துத் தென்கடல் முகம் கறுத்தால்
வள்ளத்தை வடகடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.
வாடைக்குத் திரும்புவார்கள்.
அடுத்த வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

விடிந்தால் மீன் கழுவிய தண்ணீரை
என் வாசலில்தான் ஊற்றுவாள்.
செதில், குடல், செவுள்.
ஊர்க் காக்கையெல்லாம் என் வீட்டு விலாசம் அறியும்.
தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்த குடத்தைக்
காலால் நகர்த்திவிட்டுத்
"தெரியல" என்பாள், என்னைப் பார்த்துக்கொண்டே.
கொடியேற்றத்துக்கு வரி எழுதிய அன்று
கோயில் முற்றத்தில், அத்தனை பேர் முன்னால்,
"அந்த வீட்டை விட்டுட்டு எழுதுங்க உபதேசியாரே,
ரெண்டு நாளா அங்க அடுப்பே எரியல" என்றாள்.

எரியவில்லைதான்.
பொய்யாக இருந்திருந்தால்
எப்போதோ ஆறியிருக்கும்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை.
அவள் மகன் மண்டபம் ஸ்டேஷனில்
யாரோடு நின்றான் என்று
மூன்று பேரிடம்தான் சொன்னேன்.
இந்தத் தீவுக்கு மூன்று பேர் போதும்.

இரவுச் செபத்தில்,
பரமண்டல மந்திரத்தின் நடுவே
ஓர் இடம் வரும், பொறுப்பதைப் பற்றி.
அங்கே மட்டும் உதடு அசையும், சத்தம் வராது.
பிள்ளைகள் சொல்லட்டும், அவர்கள் நாக்கு புதுசு.
ஆண்டவர் கவனிக்கவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஆடி மாசத்து ஒரு ராத்திரி.
கஸ்பார் காய்ச்சலில் படுத்துவிட்டான்.
பாசியும் நண்டுமாய்ப் பின்னிக் கிடந்த
ஆறு வலையின் முன்னால்
சார்ஜ் லைட்டை வைத்துக்கொண்டு
ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருந்தாள்.
கெளுத்தி முள் ஏறிய விரல்
வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தது.
அழவில்லை. அவள் அழமாட்டாள்.
பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும்
தட்டி தாண்டி வந்தது.

இரக்கம் என்று சொல்லமாட்டேன்.
எழுந்து போனது கால்தான்.
மனசு தட்டிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு
"உனக்கு வேணும்டி" என்றது.

கெளுத்தி முள்ளுக்குச் சூடு கேட்கும்.
சட்டியில் வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன்.
விரலைவிட்டாள்.
நான் வலையின் மறுமுனையை எடுத்தேன்.

நண்டு கழிக்கும்போது அவசரம் ஆகாது.
உதறினால் கால் ஒடியும்,
கால் ஒடிந்தால் கம்பெனிக்காரன் பாதி விலைதான் போடுவான்.
அது கடிக்கக் கடிக்கக்
கண்ணி கண்ணியாய் விலக்கி எடுக்கவேண்டும்.
ஒன்று என் கட்டைவிரலைக் கவ்வியது.
இழுக்காமல்
வாளித் தண்ணீருக்குள் கையை இறக்கி வைத்திருந்தேன்.
ரொம்ப நேரம் கழித்து
அதுவாக விட்டது.

நாலாவது வலையில் அவள் வாய் திறந்தாள்.
"கூலி கீலின்னு கேட்டா தரமாட்டேன்."
"கேக்கல."
"கோயில்ல அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள்.
நிறுத்திக்கொண்டாள்.
நானும் அவள் மகனைப் பற்றி ஆரம்பித்து
எச்சில் விழுங்கினேன்.
ரயில் ஒன்று பாலத்தில் ஊர்ந்துபோனது.
இரண்டு பேரும் அதைப் பார்ப்பதுபோல் இருந்தோம்.

மறுநாள் விடியலில்
அதே சளக்.
அதே செதில், அதே குடல்.
வழக்கத்தைவிட ஒரு சாண் தள்ளி ஊற்றியிருந்தாளோ?
அளந்து பார்க்க ஆசைதான்.
காக்கை வருமுன்
மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன்.

அன்றிரவு மந்திரத்தில் அந்த இடம் வந்தது.
வாயைத் திறந்தேன்.
பாதி வந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல்.
கைக்குழந்தை விழித்துக்கொண்டது.