அரை டிகிரி

முதலில் விட்டுப் பார்த்தது காய்ச்சல் மானியை.
முப்பத்தைந்துக்குக் கீழே அதற்கு எண் கிடையாது.
எங்கள் டிஸ்பென்சரிக் கணக்குப்படி
கீழ்வளவு ஏரி எப்போதோ செத்துவிட்டது.

பிறகு பால் சொசைட்டியில் கேட்டு வாங்கிய நீளக் கண்ணாடி,
கழுத்தில் சணல் கயிறு.
மதகுப் படியில் நின்று முழங்கை ஆழம் இறக்கி
நூறு எண்ணி, தூக்கி, மூக்கருகில் பிடித்து வாசிப்பேன்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு எண்.
அப்புறம்தான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நான்.

மார்கழியில் பதினேழு.
வெளியே பதினொன்று, அதனால் ஏரி ஆவி விடும்
கல்யாண வீட்டு அண்டா மாதிரி.
இறங்குவது லேசு.
ஏறி வரத்தான் மனசு வேண்டும்.

தையில் எண் எழுதவில்லை.
பழம் அரைத்த கழிவு ஓடைவழி வந்து
தண்ணீர் கஷாய நிறம்.
மூன்று நாள் சொறிந்தேன்.
எனக்கு நானே காலமைன் கொடுத்துக்கொண்டேன்,
ரெஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டு.

பங்குனியில் பூ மழை.
ஒரே ராத்திரியில் இருபத்துநாலு இருபத்திரண்டானது.
ஒன்பதாம் நாள் சரிவெல்லாம் காப்பிப் பூ,
மூச்சுக்குத் தலை தூக்கும்போதெல்லாம்
வாய் நிறைய வாசம்.

சித்திரையில் மேலே இருபத்தாறு.
அதை நம்பிக் காலைத் தொங்கவிட்டால்
கெண்டைக்காலில் தை,
பாதத்தில் மார்கழி.
வாங்கி வைத்த குளிரை
அடியில் இன்னும் செலவழிக்காமல் வைத்திருக்கிறது ஏரி.

மாதையன் வந்தது அந்தச் சித்திரையில்தான்.
நைட் ஹால்ட் பஸ் டிரைவர்.
சேலத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்,
தலைக்கு ஊற்றவே பயமா இருக்கு என்றார்
இருட்டில், அந்தக் கரைப் பாறையிலிருந்து.
நான் இந்தக் கரை.
‘எவ்வளவு?’
‘இருபத்தஞ்சு.’
‘வளைவுக்கு ஒரு டிகிரி குறையுது மேடம்.’
இருபது கொண்டை ஊசி. கீழே முப்பத்தைந்து.
கணக்குப் போட்டால் அரை டிகிரிதான்.
திருத்தவில்லை.
எண்ணைத் தவிர வேறு பேசியதும் இல்லை,
ஆறே முக்காலுக்கு அவர் ஹாரன் அடித்தால்
நான் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்திருப்பேன்.

ஆடிக் காற்று ஏரியை அடியோடு கிண்டிவிட்டது.
மேலும் கீழும் ஒரே இருபத்தொன்றரை.
நடுவில் போனால் அலை வாயிலேயே அறைகிறது,
இரண்டு பேரும் காற்று மறைவாய் ஒரே கரையை ஒட்டி நீந்தினோம்.
அன்றுதான் முகம் பார்த்தது.
அவருக்கு இடது புருவத்தில் தழும்பு,
தையல் போட்டவர் அவசரக்காரர்.
என்னிடம் அவர் என்ன பார்த்தாரோ.

ஆவணியில் பஸ் வந்தது, வேறு ஆள் ஓட்டினார்.
அவருக்குத் தண்ணீர் என்றால் ரேடியேட்டருக்கு.

கண்டக்டர் இருசப்பன் கசங்கிய டிக்கெட் ஒன்றை நீட்டினார்.
பின்பக்கம்: எவ்வளவு?
இருபது என்று எழுதி அதிலேயே அனுப்பினேன்.
மறுவாரம் இன்னொன்று:
கன்னங்குறிச்சி, தோட்டத்துக் கிணறு.
நானும் ஒரு கண்ணாடி வாங்கினேன். இருபத்தேழரை.
அடுத்த வாரமும் இருபத்தேழரை.
புரட்டாசி முழுக்க
நான் இருபத்தொன்று, பத்தொன்பதரை, மறுபடி இருபது என்று
ஏறி இறங்கிக்கொண்டிருக்க
அவர் இருபத்தேழரை, இருபத்தேழரை.
கிணற்றுக்கு மாசம் தெரியாது போல.
‘லாட்டரியா மேடம்?’ என்றார் இருசப்பன்.

ஐப்பசியில் ஆறு நாள் விடாத மழை.
பதினெட்டு. மதகு வழிகிறது. இறங்கவில்லை,
என்று எழுதிக் கொடுத்தேன்.
சாலை சரிந்து பஸ் நின்றது.
ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது:
இருபத்தேழு.

மழை உள்ளே போயிருக்கிறது.
இருமல் மருந்துக்கு வந்தவரைக் கவுண்டரில் நிற்க வைத்துவிட்டு
அந்த விட்டுப்போன அரையை
இன்னொரு முறை வாசித்தேன்.