வலை ஈயமும் மேல் ஷட்ஜமும்

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி.
ஆய்வுகூடச் சாவியை மேசையில் எறிந்துவிட்டு
நாலுக்குப் பூட்டுவன் என்று போய்விட்டார் செபரட்ணம்.
யாழ்ப்பாணத்து வெயில் யன்னல் கம்பியால் நுழைந்து
சுரமானிப் பெட்டியின் மேல் படுத்திருந்தது.

போன தவணை கம்பி அறுந்தது.
கஸ்தூரியார் வீதியில் வீணைக் கம்பி வாங்கிப் பூட்டினோம்.
பௌதிகத்தில் அது கம்பி,
யதுர்ஷாவின் வாயில் தந்தி.
எனக்கு எதுவானாலும் ஒன்றுதான்:
இடக்காதை ஐந்து வயதுக் காய்ச்சல் கொண்டுபோனது,
வலக்காது நினைத்த நேரம் வேலைக்கு வரும்.
நான் கடதாசியால் கேட்பவள்.
கம்பியின் நடுவில் மடித்து வைத்த துண்டு
துள்ளி விழுந்தால் பரிவு.
விழாவிட்டால் மௌனம்.

எமில்டா கலைப்பிரிவு. குருநகரில் இருந்து
கிரேக்க உரோம நாகரிகக் கொப்பியோடு வந்தாள்.
அதில் ஒரு கொல்லன் பட்டறை.
ஒரு சம்மட்டி மற்றதின் பாதி எடை,
ஓசை சரியாக ஒரு ஸ்தாயி மேலே.
வழியால் போன ஞானி வீட்டுக்கு ஓடி
நரம்புகளில் எடை தொங்கவிட்டாராம்.
இரட்டை எடைக்கு இரட்டைச் சுரமாம்.

"ஆரடி தொங்கவிட்டுப் பார்த்தது?"
"கொப்பியில கிடக்கு."
"அப்ப நாங்கள் பாப்பம்."

ஒரு கிலோ. இருநூற்று ஐம்பத்தாறு இசைக்கவை.
பாலத்தை மயிரிழை மயிரிழையாய் நகர்த்த
கடதாசி குதித்தது.
"ச" என்றாள் யதுர்ஷா.

இரண்டு கிலோ. ஐந்நூற்றுப் பன்னிரண்டு கவை.
கடதாசி
தபாற்கந்தோர் வரிசையில் நிற்பவர்போல்
அசையாமல் இருந்தது.
யதுர்ஷா கம்பியைத் தட்டி முகத்தைச் சுளித்தாள்.
"மேல் ச இல்லையடி. பாதி வழியில நிக்குது.
பிரதி மத்திமம்."

கொப்பியின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இரண்டின் வர்க்கமூலம்.
ஒன்று தசம் நாலு ஒன்று நாலு இரண்டு,
மட்டையில் முட்டியும் முடியவில்லை.

"இந்த எண்ணும் எனக்கு வரும்" என்றாள் எமில்டா.
"வெளியில சொன்னவனைக் கடல் கொண்டதாம்."
கொஞ்சம் பொறுத்து,
"எங்கட கடல் எண் பாத்து ஆளெடுக்கிறேல்ல."

அடுத்த பக்கம் ஏதென்ஸ் நகரம்.
விருந்துக்குக் குழலூதும் பெண்களுக்கு
ஓர் இரவுக் கூலி இரண்டு திராக்மா. மேலே வாங்கினால் குற்றம்.
ஒருத்தியை இரண்டு வீடு கேட்டால்
அதிகாரிகள் சீட்டுக் குலுக்குவார்கள்.
"இரண்டு திராக்மாவோ!" என்றாள் யதுர்ஷா.
"பரிசளிப்பு விழாவில பிரதம விருந்தினர் வரும்வரை
முக்கால் மணித்தியாலம் வாசிச்சன்.
ஒரு சோடா, ஒரு பணிஸ்."

அந்தப் பெண்களிடம் யாராவது
கேட்டிருப்பார்களா, இது சரியோ என்று?
இரவு முழுக்கச் சுரத்துக்குள் இருந்தவர்கள்.
சாய்ந்து படுத்துக் குடித்தவர்கள்
விகிதம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மடங்கு வேண்டும் என்றது சமன்பாடு.
அலுமாரியில் இருந்ததே இரண்டு கிலோ.
எமில்டா பையைத் திறந்தாள்.
அப்பாவின் வலைக்கு வாங்கிய ஈயக்குண்டுகள்.
முக்கோல் தராசில் பிடி பிடியாய் நிறுத்து
சொப்பிங் பையில் கட்டித் தொங்கவிட்டோம்.
கம்பி வெள்ளையாய் விறைத்தது.
மூன்று பேரும் முகத்தைப் பின்னுக்கு இழுத்தோம்.

கவையை வைத்தேன்.
கடதாசி பறந்துபோய்ச் சீமெந்தில் விழுந்ததும்
"ச!" என்று யதுர்ஷா கத்தியதும் ஒரே கணம்.
அவள் கேட்டதை நான் கண்டேன்.
வாழ்க்கையில் முதல்முறை
ஒரு சுரத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

"சோதினைக்கு என்னத்தை எழுத?"
எமில்டா கேட்டாள். "புள்ளித்திட்டத்தில கொல்லன்தானே."
ஓரத்தில் பென்சிலால் 4 என்று எழுதினாள்.
அழித்தாள்.
அழித்த இடத்தில் பேனையால் எழுதினாள்.

மூன்று ஐம்பத்தைந்து. சாவிக்காரரின் சைக்கிள் சத்தம்
அவர்களுக்கு மட்டும் கேட்டது.
ஈயங்களை எண்ணி எண்ணிப் பையில் போட்டாள்,
ஒன்று குறைய, வாங்கின் கீழ் தவழ்ந்து தேடினோம்.
விடிய நாலுக்கு வள்ளம் இறங்கும்.
கிடைக்காவிட்டால் அப்பா கேட்பார்.
அவருக்கு என்னவென்று சொல்வது?