இது என்ன கிழமை

வெண்ணெயிலும் மரத்தூள்.
ஆர்டன் அதைக் கத்தியால் வழித்துத் தட்டின் விளிம்பில் வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இருபத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்,
பின்னிருக்கை சத்தமில்லாமல் இருந்தால்
என்ன நடக்கிறதென்று
கண்ணாடி பார்க்காமலே தெரியும்.

கராஜில் வாக்குவம் கிளீனர் ஐந்து நிமிடம் இழுக்கும்,
பிறகு திணறும்.
ஃபில்டரைக் குப்பைத்தொட்டியில் தட்டுவேன்.
பாதித் தூசி தொட்டிக்கு,
பாதி என் இமைகளுக்கு.

எல்மைரா போகும் சாலையில்
குழாய் பதித்துவிட்டுப் போனவர்கள்
ஒரு கூம்பை மறந்துவிட்டார்கள்.
நவம்பர் முழுக்க அது
யாரையும் தடுக்காமல் நின்றது.
பனி அதன் கழுத்துவரை ஏறியபோது எடுத்துவந்தேன்.
திருட்டில்லையா என்றான் ஆர்டன்.
தலைகீழாக நிறுத்தினால் திருட்டில்லை என்றேன்.

சதுர அடித்தட்டு மேலே போயிற்று.
அதன்மேல் ஒட்டுப்பலகை மூடி, நான்கு போல்ட்.
கீழே வந்த நுனியை அறுத்து,
பேக்கரியில் கொடுத்த கிரீம் வாளியின் மூடியில் செருகினேன்.
காற்று நேராக நுழையக் கூடாது,
சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும்.
வந்தால் சுற்றும்.
சுற்றினால் கனமானது சுவரோடு சறுக்கி வாளியில் இறங்கும்,
லேசான காற்று நடுக்குழாய் வழியே மேலேறிப் போகும்.
அந்த நடுக்குழாய்
நுழைவாயிலைவிடத் தாழ இறங்கியிருக்க வேண்டும்.
இல்லையென்றால் தூசி சுற்ற மெனக்கெடாமல்
குறுக்கே ஓடி வெளியேறிவிடும்.
இதைத் தெரிந்துகொள்ள
மூன்று மூடிகள் செலவாயின.

முதல் சோதனையில்
குழாய் வாயில் ஒரு கட்டைத் துண்டு அடைத்துக்கொண்டது.
டப்.
வாளி இடுப்பொடிந்து உள்ளே போனது.
சத்தம் கேட்டுப் பனியில் செருப்போடு ஓடிவந்த ஆர்டன்
வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

வேறு வாளி. உள்ளே பலகை வளையம்.
இந்த முறை வாளி நிமிர்ந்து நின்றது, காலியாக.
பிறந்தநாள் மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி
விளிம்பெல்லாம் நகர்த்தினேன்.
ஓரிடத்தில் சுடர் உள்பக்கம் குனிந்தது.
மயிரிழைதான்.
விழுந்த தூசியெல்லாம் எழுந்து
ஊர்வலம் போக அது போதும்.

ஜன்னலுக்கு ஒட்டும் நுரைப்பட்டையால் அடைத்தேன்.
பின்னால் விளக்கைப் பிடித்தால் இப்போது
ஆரஞ்சுத் தோலுக்குள்
ஒரு நிழல் திருகிக்கொண்டே இறங்குகிறது.
மூன்று வாளி நிறைந்தபின்
ஃபில்டரைத் திறந்து பார்த்தேன்:
சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம்,
அவ்வளவுதான்.
அந்தப் படலத்துக்காக முகமூடி இன்னும் போடுகிறேன்.

நாற்காலி வாங்கிப்போக வண்டி பூட்டி வந்த
ஏனோஸ் புரூபேக்கர்
நிறைந்த வாளியைப் பார்த்தார்.
பெண்குதிரை ஃபர்னுக்குப் படுக்கையாகுமே என்றார்.
தாராளமாக என்றேன்.
வாளியைத் தூக்கி வண்டியிலும் வைத்துவிட்டார்.
கடிவாளத்தைக் கையில் எடுக்கும்போதுதான்
எனக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது,
கடிகாரப் பெட்டி,
கறுப்பு வால்நட்.

அந்தத் தூளில் ஓரிரவு நின்றால் போதும்,
குளம்பு கொதித்து
விடியும்போது குதிரை கால் ஊன்றாது.
நில்லுங்கள் என்று கத்திக்கொண்டு ஓடினேன்.
அவர் பாம்பிருந்த பானையைப்போல்
வாளியைப் பனியில் இறக்கிவைத்தார்.
ஃபர்ன் எங்கள் வேலிமேல் மூச்சுவிட்டபடி நின்றாள்,
வெள்ளை வெள்ளையாய்.

காற்றிலிருந்து தூசியைப் பிரிக்க
கூம்புக்குத் தெரிகிறது.
மேப்பிளிலிருந்து வால்நட்டைப் பிரிக்க
என்னை விட்டால் அந்தக் கராஜில் யாருமில்லை,
நானும் கிட்டத்தட்ட தவறவிட்டேன்.

இப்போது இரண்டு வாளி.
சிவப்பு டேப் ஒட்டியது குப்பை வண்டிக்கு,
மற்றது ஃபர்னுக்கு.
மரம் மாறும்போதெல்லாம் கூம்பைக் கழற்றித் துடைக்கிறேன்.
டேப்பைப் பார்க்கிறார், மோந்தும் பார்க்கிறார் ஏனோஸ்,
ஆனாலும் தூக்குவதற்கு முன்
ஒவ்வொரு முறையும் கேட்கிறார்:
வெர்னா, இது என்ன கிழமை?